எதிரே வர்றவருக்கும் கண் இருக்கு!



போன மாதம் எங்க அப்பா கையில் மாவுக்கட்டோடு பள்ளிக்கு வந்ததை உங்களில் பலர் பார்த்திருப்பீங்க. "என்ன ஆச்சு?" என்று ஆளாளுக்குக் கேட்டீங்க. தனித்தனியாச் சொல்வதைவிட இந்தச் சுவரிலேயே எழுதிவிடலாம் என்று தோன்றியது. படிங்க, உங்களுக்கும் உதவும்.

ராத்திரி ஒன்பது மணி இருக்கும். அப்பா வேலை முடிந்து மொபெட்டில் வந்துகொண்டிருந்தார். எதிரே ஒரு வேன். நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் பளீரென்று கண்ணில் அடித்தது. ரோடு எது, மண் எது என்றே தெரியாமல் ஓரமாக ஒதுங்கினார். மணல் வழுக்கிவிட்டது. மணிக்கட்டு எலும்பில் விரிசல். அந்த வேன் நிற்கவே இல்லை. அப்பா விழுந்தது அந்த டிரைவருக்குத் தெரிந்தே இருக்காது.

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 36 கி.மீ. வேகம் என்றால் ஒரு நொடிக்கு 10 மீட்டர். மூன்று நொடி கண் தெரியவில்லை என்றால் 30 மீட்டரைக் குருட்டாம்போக்கில் ஓட்டியிருப்போம்! வயது ஏற ஏற, கூசிய கண் பழைய நிலைக்குத் திரும்ப இன்னும் அதிக நேரம் ஆகும்.

மறுநாள் மாமா பார்க்க வந்தார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றும் வேன் வைத்திருக்கிறார். "எவன் அவன், மனுசன் வர்றது தெரியாம லைட்டைப் போட்டவன்?" என்று சத்தம் போட்டார். கிளம்பும்போது இருட்டிவிட்டது. வண்டியை எடுத்து லைட்டைப் போட்டார். வாசலில் நின்ற அப்பா சட்டென்று கட்டுப்போட்ட கையாலேயே முகத்தை மறைத்துக்கொண்டார். அதே நீல வெளிச்சம்! மாமா ஒன்றும் பேசவில்லை. லைட்டை அணைத்துவிட்டு இறங்கி வந்தார்.

மாமா மாட்டியது என்ன?

அதற்குப் பெயர் எச்.ஐ.டி. கிட். சாதாரண ஹாலஜன் பல்பில் ஒரு கம்பி இழை சூடாகி ஒளி தரும். எச்.ஐ.டி. பல்பில் இழையே கிடையாது. சின்னக் கண்ணாடிக் குமிழுக்குள் ஜெனான் வாயுவும் சில உப்புகளும் இருக்கும். இரண்டு முனைகளுக்கு நடுவே மின்சாரம் வில்லாகப் பாயும். அந்த வில்தான் ஒளி. இதைப் பற்ற வைக்க 20,000 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து அதை உண்டாக்கிக் கொடுக்கும் பெட்டிக்கு பேலஸ்ட் என்று பெயர். (எரியும்போது இதில் கை வைக்கவே கூடாது!)

ஹாலஜன் டிம் லைட் 55 வாட் எடுத்துக்கொண்டு ஏறக்குறைய 1000 லூமன் ஒளி தரும். எச்.ஐ.டி. 35 வாட்டிலேயே சுமார் 3200 லூமன் தரும். கரண்டு குறைவு, வெளிச்சம் மூன்று மடங்கு. 1991-இல் பி.எம்.டபிள்யூ. 7 சீரிஸ் காரில் இது முதலில் வந்தது. இப்போது புதிய வண்டிகளில் பெரும்பாலும் எல்.இ.டி. வந்துவிட்டது. ஆனாலும் பழைய வண்டிகளில் இந்தக் கிட்டை மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம் ஏன் கண் கூசுது?

இதை எனக்கு விளக்கியது மாமாவுக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீசியன் அண்ணன். ஒரு பழைய ஹாலஜன் பல்பைக் கையில் கொடுத்தார். உள்ளே இரண்டு இழைகள். ஒன்று பிரைட், ஒன்று டிம். டிம் இழைக்குக் கீழே மட்டும் குட்டிக் கிண்ணம் மாதிரி ஒரு தகடு. "இது எதுக்குன்னு சொல்லு பார்ப்போம்" என்றார். எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கிண்ணம்தான் எதிரே வருபவரைக் காப்பாற்றுகிறது! டிம் இழையின் ஒளி குழியாடியின் மேல்பாதியில் பட்டால் கீழே ரோட்டுக்குப் போகும். கீழ்ப்பாதியில் பட்டால் மேலே போய் எதிராளி கண்ணில் அடிக்கும். அதனால்தான் கீழே போகும் ஒளியைக் கிண்ணம் தடுக்கிறது. அந்த இழைக்காகவே அளந்து செய்த குழியாடி அது. அதில் எச்.ஐ.டி. பல்பைச் சொருகினால் வில்லின் வடிவமும் இடமும் பொருந்தாது. மூன்று மடங்கு ஒளி கண்டபடி சிதறும். ஓட்டுகிறவருக்கு மரம், வீடு எல்லாம் பளிச்சென்று தெரிவதால் "ஆஹா, என்னா வெளிச்சம்!" என்று தோன்றும். எதிரே வருபவர் பாடு திண்டாட்டம்.

புரொஜெக்டர் போட்டால்?

எச்.ஐ.டி.க்குச் சரியான துணை புரொஜெக்டர். நம்ம ஒளியியல் பாடம்தான் இது. பின்னால் நீள்வட்ட வடிவக் குழியாடி, முன்னால் குவிலென்ஸ், நடுவில் ஒரு தடுப்புத் தகடு. தகடு கீழ்ப்பாதி ஒளியை மறைக்கும். லென்ஸ் பிம்பத்தைத் தலைகீழாக்கும் அல்லவா? அதனால் ரோட்டில் மேல்பாதி இருட்டு, கீழ்ப்பாதி வெளிச்சம். நடுவில் கத்தியால் வெட்டியது போல ஒரு கோடு. நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் அந்தக் கோடு இடது பக்கம் மட்டும் கொஞ்சம் மேலே ஏறும். ஓரத்தில் நடந்து போகிறவர் தெரியணும் என்பதற்காக.

இதை மாட்ட ஹெட்லைட் டூமைச் சூடாக்கிப் பசையை இளக்கிப் பிரிக்கணும். உள்ளே புரொஜெக்டரை நேராக நிறுத்தி, தண்ணீர் புகாமல் மறுபடி ஒட்டணும். கொஞ்சம் சாய்ந்தாலும் கோடு கோணிவிடும்.

"அப்ப அதையே மாட்டிடலாம்" என்றார் மாமா. எனக்கு ஒரு சந்தேகம். "மாமா, பின்னாடி லோடு ஏத்தினா வண்டி மூக்கு தூக்குமே, அப்ப கோடும் மேல போகுமே?" என்று கேட்டேன். அண்ணன் சிரித்தார். "கணக்குப் போட்டுப் பாரு" என்றார்.

போட்டேன். லைட் 75 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. ஒளி 10 மீட்டருக்கு 10 செ.மீ. இறங்கும்படி, அதாவது 1% கீழ்நோக்கி வைக்கிறோம். இரண்டு சக்கரங்களுக்கு இடையே 250 செ.மீ. லோடு ஏறிப் பின்பக்கம் 5 செ.மீ. அமுங்கினால் வண்டி 2% மேல்நோக்கிச் சாயும். கீழே 1% போன ஒளி இப்போது மேலே 1% போகும். 75 மீட்டர் தூரத்தில் அது 150 செ.மீ. உயரத்தில் இருக்கும். மொபெட்டில் உட்கார்ந்திருக்கும் அப்பாவின் கண்ணும் கிட்டத்தட்ட அந்த உயரம்தான்!

இதனால்தான் ஐரோப்பிய விதிகளில் 2000 லூமனுக்கு மேற்பட்ட டிம் லைட்டுக்குத் தானாக உயரம் சரிசெய்யும் கருவி கட்டாயம். லென்ஸில் அழுக்குப் படிந்தாலும் ஒளி சிதறும் என்பதால், அதைக் கழுவும் கருவியும் வேண்டும். நம்ம நாட்டிலும் மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, தயாரித்தவர் கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது.

கடைசியில் என்ன செய்தோம்?

மாமா பாவம், ராத்திரி ஓட்டம் அவருக்கு. பழைய லைட் மங்கலாக இருந்ததால்தானே மாற்றினார்? அது ஏன் மங்கியது என்று அண்ணன் பார்த்தார். பேட்டரியில் 13.5 வோல்ட். பல்புக்கு வந்தது 11 வோல்ட்தான்! மீதி பழைய வயரிலும் சுவிட்சிலும் போய்விட்டது. ஹாலஜனில் வோல்ட் 10% குறைந்தாலே வெளிச்சம் சுமார் 30% குறைந்துவிடும். புது வயர், ஃபியூஸோடு ரிலே, புது ஹாலஜன் பல்பு, மங்கிய கண்ணாடிக்கு பாலீஷ். அவ்வளவுதான். லோடோடு நிறுத்தி உயரத்தையும் சரிசெய்தார்.

கடைசிப் பரீட்சை அப்பாதான் வைத்தார். மொபெட்டை எதிரே நிறுத்தி அதில் உட்கார்ந்துகொண்டார். மாமா டிம் லைட்டைப் போட்டார். அப்பா கையைத் தூக்கவில்லை. "இப்ப ரோடு தெரியுது மாப்ளே" என்றார்.

நீங்களும் செய்து பாருங்க

சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வீட்டு வண்டியை நிறுத்துங்க. டிம் லைட்டைப் போடுங்க. வெளிச்சத்தின் மேல்விளிம்பு லைட்டின் உயரத்தைவிட சுமார் 10 செ.மீ. கீழே இருக்கணும். மேலே போனால் மெக்கானிக்கிடம் காட்டுங்க. எதிரே வண்டி வந்தால் டிம் பண்ணச் சொல்லுங்க.

ஹெட்லைட் நாம் பார்க்க மட்டும் இல்லை, நண்பர்களே. எதிரே வருகிறவரும் பார்க்கணும். அவர் யாரோ ஒருத்தருடைய அப்பா.



– 12-ஆம் வகுப்பு மாணவி, 'அ' பிரிவு