நான்கு நிமிடப் பாட்டு, இரண்டு வரிசைப் பின்னல்

காலை 6 மணிக்கு நேயர்களுக்கு வணக்கம் சொல்ல வேண்டுமென்றால், என் வீட்டில் அலாரம் 4 மணிக்கே அடிக்கும். 10 மணிக்கு நிகழ்ச்சி முடிந்தாலும் வேலை முடியாது. விளம்பரக் குரல்பதிவு, கூட்டம், மறுநாளுக்கான குறிப்புகள் என்று மாலை வரை இழுக்கும்.

“இதற்கு நடுவில் பின்ன எப்படி நேரம் கிடைக்கிறது?” என்று தோழிகள் கேட்பார்கள். முன்பெல்லாம் பெருமையாகப் பதில் சொல்வேன். இப்போது கொஞ்சம் யோசித்துத்தான் சொல்கிறேன்.

எனக்குப் பின்னல் சொல்லிக் கொடுத்தது அம்மா. அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தவர், தோ பாயோவில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த சீன ஆன்ட்டி. இருவருக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் பாசார் மலாய் மட்டும்தான். மீதியை விரலைப் பிடித்தே காட்டிவிட்டாராம்.

‘சிங்கப்பூர் வெயிலில் யாருக்கு ஸ்வெட்டர்?’ என்று நீங்கள் நினைக்கலாம். நான் கம்பளி நூலை அதிகம் தொடுவதில்லை. பருத்தி நூலில் குழந்தைத் தொப்பி, கைப்பை, சால்வை பின்னுவேன். எங்கள் ஒலிபரப்புக் கூடத்தின் குளிர்சாதனத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், சால்வை எதற்கு என்று கேட்கவே மாட்டீர்கள்!

ஒரு பாட்டு ஓடும் நான்கு நிமிடத்தில், 40 கண்ணி கொண்ட இரண்டு வரிசைகளை முடித்துவிடலாம். உலோக ஊசிகள் உரசினால் ‘டிக் டிக்’ சத்தம் ஒலிவாங்கியில் கேட்டுவிடும் என்பதால் மூங்கில் ஊசிதான் வைத்திருக்கிறேன். பிரிட்டிஷ் முக்குளிப்பு வீரர் டாம் டேலி, 2021ல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் பார்வையாளர் இருக்கையில் அமர்ந்து பின்னிய படம் நினைவிருக்கிறதா? தான் வென்ற தங்கப் பதக்கத்துக்கு உறையும் அவரே பின்னினார். அவருக்கே நேரம் கிடைத்தபோது எனக்குக் கிடைக்காதா என்று நினைத்துக்கொண்டேன்.

ஆசை ஆர்டரானபோது

சக ஊழியரின் குழந்தைக்குப் பின்னிய தொப்பியின் படத்தை அவர் இணையத்தில் போட்டார். “எனக்கும் ஒன்று, காசு தருகிறேன்” என்று கேட்டவர்கள் வரிசையாக வந்தார்கள். தொப்பிக்கு 15 வெள்ளி. மறுக்க மனமில்லாமல் தீபாவளிக்குள் 11 தொப்பிகள் தருவதாக ஒப்புக்கொண்டேன். தமிழ் வானொலியில் தீபாவளி மாதம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு தொப்பிக்கு எனக்கு ஆறு மணி நேரம் ஆகும். இரவு 12 வரை பின்னிவிட்டு 4 மணிக்கு எழுந்தேன். ஒரு நாள் காலை, மணி ஏழு என்பதற்குப் பதில் எட்டு என்று ஒலிபரப்பில் சொல்லிவிட்டேன். பள்ளிக்கு நேரமாகிவிட்டதென்று பிள்ளையைத் திட்டி, பாதிச் சாப்பாட்டில் எழுப்பிவிட்டதாக ஒரு தாயார் அழைத்துச் சொன்னார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பிள்ளையிடம் கேட்க முடியவில்லை.

அன்றிரவு அம்மா சொன்னார்: “ஊசியக் கையில எடுத்தாலே சிரிச்ச முகமா இருப்ப. இப்ப கணக்குப் பாக்கிற மாதிரி உக்காந்திருக்கியேம்மா.”

ஒப்புக்கொண்ட 11ஐயும் முடித்துக் கொடுத்தேன். பிறகு ஆர்டரே வாங்கவில்லை.

இப்போதைய வழக்கம்

பின்னுவதைச் சிறிதாக வைத்துக்கொண்டேன். எம்ஆர்டியில் வீடு திரும்பும்போது, எண்ணிப் பார்க்கத் தேவையில்லாத சாதாரணப் பின்னல் மட்டும். பக்கத்தில் இருப்பவர்மீது இடிக்காமல் இருக்க, கம்பியால் இணைந்த வட்ட ஊசி. வரிசை முடியும் இடத்தில்தான் நிறுத்துவேன். பாதியில் விட்டால் கண்ணி நழுவிவிடும். சிக்கலான வடிவங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு. இரவு 9 மணிக்குப் பிறகு ஊசியைத் தொடுவதில்லை.

பரிசாகக் கொடுப்பேன், ஆனால் தேதி சொல்ல மாட்டேன். ஒரு தோழியின் குழந்தைக்கு ஆரம்பித்த போர்வை, அது நடக்கத் தொடங்கிய பிறகுதான் போய்ச் சேர்ந்தது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

உங்களுக்கும் பாட்டு, கோலம், பேக்கிங் என்று ஏதாவது ஒன்று இருக்கும். “இதை விற்கலாமே” என்று அன்பாகச் சொல்பவர்களும் இருப்பார்கள். விற்பது தவறில்லை. சம்மதிக்கும் முன், ஒன்று செய்ய எத்தனை மணி நேரம் ஆகிறது என்றும், அந்த நேரம் எங்கிருந்து வரப்போகிறது என்றும் கணக்குப் போட்டுப் பாருங்கள். என்னுடையது தூக்கத்திலிருந்து வந்தது.

இப்போது அம்மாவுக்கு ஒரு சால்வை பின்னுகிறேன். போன வாரம் பிழை கண்டுபிடித்து 12 வரிசைகளைப் பிரித்தேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

“எப்ப முடியும்?” என்று மட்டும் கேட்கவில்லை.