பகடையும் பணமும் – 11: சரக்குப் பெட்டிக்கு வாடகை ஆயிரம்

சென்ற வாரம் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் தங்கக் காசுகளை எண்ணிப் பார்த்தோம். 1974-இல் வந்த அதன் முதல் பதிப்பில், நிலவறையிலிருந்து உயிரோடு மீட்டு வரும் தங்கம் அனுபவப் புள்ளியாக மாறும். பணம் சேரச் சேர வீரனும் வளர்வான். இந்த வாரம் அதற்கு நேர்மாறான ஓர் ஊருக்குப் போகிறோம். அங்கே பணம் வளர்வதற்கு அல்ல, மாதக் கடைசியைத் தாண்டுவதற்கு.

ஊரின் பெயர் நைட் சிட்டி. கலிஃபோர்னியாக் கடற்கரையில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட நகரம். மைக் பாண்ட்ஸ்மித் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், தன் ஆர். டால்சோரியன் கேம்ஸ் நிறுவனத்தின் மூலம் 1988-இல் ‘சைபர்பங்க்’ என்ற மேசை விளையாட்டை வெளியிட்டார். 1990-இல் ‘சைபர்பங்க் 2020’ வந்தது. 2020-ஆம் ஆண்டின் இறுதியில் ‘சைபர்பங்க் ரெட்’. நான் இங்கே பெரும்பாலும் ரெட் பற்றித்தான் பேசப் போகிறேன். வறுமையை விதிப் புத்தகத்துக்குள் இவ்வளவு ஒழுங்காக எழுதி வைத்த விளையாட்டை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

ரெட்டின் கதை நடக்கும் ஆண்டு 2045. பெருநிறுவனங்கள் தங்களுக்குள் நடத்திய போரில், 2023-இல் நகரின் நடுவே அராசாகா என்ற பெருநிறுவனத்தின் கோபுரத்தில் அணுகுண்டு வெடித்திருக்கிறது. பழைய இணையம் செத்துவிட்டது. சரக்குப் போக்குவரத்து சிதறிவிட்டதால் கடையில் இன்று இருக்கும் பொருள் நாளை இருக்கும் என்ற உறுதி இல்லை. இடிபாடுகளுக்கு நடுவே வீடு தட்டுப்பாடு. கப்பலில் சரக்கு ஏற்றும் இரும்புப் பெட்டிகளில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள்.

புதிதாக விளையாட வருகிறவரின் பாத்திரமும் அப்படியொரு பெட்டியில்தான் வாழ்க்கையைத் தொடங்குகிறது. வாடகை மாதம் 1,000 யூரோபக். சாப்பாடு ‘கிப்பிள்’, பிராணிகளுக்குப் போடும் உலர்தீவனத்தின் வகையைச் சேர்ந்தது, மாதத்துக்கு 100. முதல் மாதத்துக்கான இரண்டும் கட்டப்பட்டிருக்கும். அடுத்த முதல் தேதிக்கு 1,100 தேடியாக வேண்டும்.

இப்போது வரவைப் பாருங்கள். கூலிக்குச் சண்டை போடுகிறவர், வலையமைப்புக்குள் புகுந்து திருடுகிறவர், காயத்துக்குக் கட்டுப் போடுகிறவர் என்று ஒரு குழு சேர்ந்து ஒரு வேலையை முடித்தால், ஆளுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று விதிப் புத்தகம் வழிகாட்டுகிறது. எளிய வேலைக்கு 500. நடுத்தர வேலைக்கு 1,000. ஆபத்தான வேலைக்கு 2,000. துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே ஓடி, உயிரைப் பணயம் வைத்து, ஒரு நடுத்தர வேலையை முடித்துவிட்டு வந்தால் ஒரு மாத வாடகை கைக்கு வருகிறது. சாப்பாட்டுக்கு இன்னும் 100 குறைகிறது.

அந்த 100-இல்தான் இந்த விளையாட்டின் உயிர் இருக்கிறது என்பேன். வடிவமைத்தவர்கள் நடுத்தர வேலையின் கூலியை 1,200 என்று வைத்திருக்கலாம். மாதம் ஒரு வேலை, மீதிக்கு ஓய்வு என்று ஆகியிருக்கும். 600 என்று வைத்திருந்தால் விளையாட வந்தவர் சலித்துப் போயிருப்பார். கை எட்டும் தூரத்தில், ஆனால் எட்டாமல் நிற்கிறது தொகை. அதனால் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது வேலையைத் தேட வேண்டியிருக்கிறது. இரண்டாவது வேலை எப்போதும் முதல் வேலையைவிடச் சற்று மோசமானது. ஏனென்றால் அப்போது பேரம் பேச நேரம் இருக்காது.

பொருள்களின் விலைப்பட்டியலும் கவனித்துப் படிக்க வேண்டியது. கடைப் பொருள்கள் எல்லாம் சில படிகளுக்குள் அடங்கிவிடும்: 10, 20, 50, 100, பிறகு 500, 1,000, 5,000. நூறுக்கும் ஐந்நூறுக்கும் நடுவே எதுவும் இல்லை. கனரகக் கைத்துப்பாக்கி 100. அதற்கு மேல் ஒரு தாக்குதல் துப்பாக்கி வேண்டுமென்றால் 500. செயற்கைக் கண் 100, செயற்கைக் கை 500. முதலில் படித்தபோது இது கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று செய்த வசதி என்றே தோன்றியது. விளையாட விளையாடத்தான் அந்த இடைவெளி எவ்வளவு பெரிய சுவர் என்று தெரிகிறது. நூறு யூரோபக் பொருள்களின் உலகத்தில் பிறந்தவர், ஒவ்வொரு வேலையிலும் நூறு நூறாக மிச்சம் பிடித்து அந்தச் சுவரைத் தாண்ட வேண்டும். மிச்சம் பிடிக்கும் நூறுகள் பெரும்பாலும் தோட்டாவுக்கும் கவசத்துக்கும் போய்விடுகின்றன. குண்டு துளைத்த ஒவ்வொரு முறையும் கவசத்தின் காப்பு ஒரு புள்ளி குறையும். அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் குழுவில் இல்லாவிட்டால் அதற்கும் செலவு.

விலை கூடிய பொருள்களைப் பணம் இருந்தாலும் நினைத்தபோது வாங்கிவிட முடியாது. அதற்குத்தான் ‘ஃபிக்ஸர்’ எனப்படும் தரகர் இருக்கிறார். எங்கே சரக்கு இறங்கியிருக்கிறது, இரவுச் சந்தை எந்தத் தெருவில் கூடுகிறது, யார் யாருக்கு என்ன வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். வேலை கொடுப்பவரும் பெரும்பாலும் அவர்தான், அந்தக் கூலியைச் செலவழிக்க வழிகாட்டுகிறவரும் அவர்தான். வாளும் மந்திரமும் உள்ள விளையாட்டுகளில் கடைக்காரர் வெறும் விலைப்பட்டியல். இங்கே அவர் விளையாடுகிறவர் ஏற்று நடிக்கக்கூடிய முழுப் பாத்திரம். பேரம் பேசும் திறமைக்கே தனி விதி உண்டு.

பணத்தைவிடக் கொடியது நேரம். வேலை இல்லாத வாரங்களில் பாத்திரம் தன் தொழிலுக்கேற்ற சில்லறை வேலை பார்க்கலாம்: பாடகர் சிறு விடுதியில் பாடுவார், மருத்துவர் தெருவோரக் காயங்களுக்குத் தையல் போடுவார். ஒரு வாரம் முழுவதையும் கொடுத்துப் பகடை உருட்டினால் சில நூறு கிடைக்கும். ஆனால் சென்ற வேலையில் குண்டடி பட்டிருந்தால்? உடல் ஆற்றல் 6 உள்ள ஒருவருக்கு ஒரு நாள் ஓய்வில் 6 புள்ளிதான் காயம் ஆறும். 30 புள்ளி இழந்தவர் ஐந்து நாள் படுத்தே கிடக்க வேண்டும். படுத்திருக்கும் வாரத்தில் வருமானம் கிடையாது. வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். நாள்கூலிக்குப் போகும் எந்தக் குடும்பத்துக்கும் இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

மருத்துவக் காப்பீடும் உண்டு. ட்ராமா டீம் என்ற நிறுவனம், ஆயுதம் தாங்கிய மீட்புக் குழுவைப் பறக்கும் ஊர்தியில் அனுப்பி, சண்டைக்கு நடுவிலிருந்தே உங்களைத் தூக்கிச் செல்லும். வெள்ளித் திட்டம் மாதம் 500. அதற்கு மேற்பட்ட திட்டம் 1,000. சரக்குப் பெட்டியில் இருப்பவர் அந்த 500-ஐக் கட்டினால் இரண்டு நடுத்தர வேலைகளின் கூலியில் 400 மிஞ்சும். கட்டாவிட்டால் 900 மிஞ்சும். ஒரு செயற்கைக் கை வாங்கலாம். உயிரைக் காக்கும் காப்பீடா, உயிரைப் பணயம் வைத்துச் சம்பாதிக்க உதவும் கருவியா என்று மேசையைச் சுற்றி எங்கள் நண்பர்கள் விவாதித்த இரவுகளில், எந்தச் சண்டைக் காட்சியிலும் இல்லாத பதற்றம் இருந்தது.

சரி, கருவியையே வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். செலவு அதோடு முடிந்ததா? இல்லை. உடலில் இயந்திரம் பொருத்தினால் ‘மனிதம்’ என்ற அளவு குறையும். அது பத்துப் பத்தாகச் சரியச் சரிய, பிறர் துயரை உணரும் பண்பும் ஒவ்வொரு புள்ளியாகக் குறையும். பூஜ்யத்துக்குக் கீழே போனால் சைபர் வெறி பிடித்து, பாத்திரம் விளையாடுகிறவரின் கையை விட்டே போய்விடும். இழந்த மனிதத்தை மீட்க உளச்சிகிச்சை உண்டு. சாதாரணச் சிகிச்சைக்கு 500, தீவிரச் சிகிச்சைக்கு 1,000. கூடவே ஒரு வாரம். எவ்வளவு செலவழித்தாலும் பழைய உச்சத்துக்குத் திரும்ப முடியாது. பொருத்திய ஒவ்வொரு கருவியும் உச்ச அளவிலேயே கொஞ்சத்தை நிரந்தரமாகத் தின்றுவிடும். ஆக 500-க்கு வாங்கிய கை உண்மையில் 1,000, அத்தோடு ஒரு வாரக் கூலி, அத்தோடு பணத்தால் வாங்க முடியாத சிறு துண்டு. கடன் வாங்கித் தொழில் தொடங்கும் எவரும் இதன் வலியை உடனே புரிந்துகொள்வார்கள்: சம்பாதிக்கத் தேவையான கருவியே சம்பாத்தியத்தைச் சாப்பிடுகிறது.

எதிர்ப்பக்கத்தில் ‘எக்ஸிக்’ இருக்கிறார், பெருநிறுவன அலுவலர். அவருக்கு உடுப்பு நிறுவனம் தருகிறது. கொஞ்சம் உயர்ந்ததும் அடுக்குமாடி வீட்டையும் நிறுவனமே தருகிறது, வாடகை இல்லை. மேலும் உயர்ந்தால் ட்ராமா டீம் காப்பீடும் வரும். குழுவில் மற்றவர்கள் 1,100-க்கு அல்லாடும்போது அவர் ஒருவர் மட்டும் அமைதியாக இருப்பார். ஆனால் அவருக்கு மேலதிகாரி உண்டு. அந்த மேலதிகாரியின் உத்தரவு குழுவுக்கு எதிராக வரும் நாளில், வீட்டுச் சாவி யாருடையது என்று எல்லோருக்கும் புரியும். ஒரே மேசையில் இந்த இரண்டு வாழ்க்கைகளையும் உட்கார வைத்ததுதான் பாண்ட்ஸ்மித் குழுவின் பெரிய சாதனை என்று நினைக்கிறேன்.

இந்த உலகத்தை வைத்துப் போலந்தின் சிடி ப்ரொஜெக்ட் ரெட் நிறுவனம் உருவாக்கிய ‘சைபர்பங்க் 2077’ கணினி விளையாட்டு 2020 டிசம்பர் 10 அன்று வெளிவந்தது. பணம் பற்றி அதன் தொடக்கம் அற்புதம். கதை நாயகர் வி, கண்ணுக்கும் கைக்கும் கருவி பொருத்திய விக்டர் என்ற மருத்துவருக்கு 21,000 கடன்பட்டிருக்கிறார். நண்பரிடம் பட்ட கடன். அவர் கேட்டு நச்சரிப்பதும் இல்லை. அந்தத் தொகை தொடக்கத்தில் மலையாகத் தெரிகிறது. ஆனால் சில மணி நேரத்திலேயே அது மண்மேடாகிவிடுகிறது. விழுந்தவர்களின் துப்பாக்கிகளைப் பொறுக்கி விற்றாலே பை நிறைகிறது. தானியங்கி இயந்திரத்தில் குளிர்பானம் வாங்கி, அதைப் பாகங்களாகப் பிரித்தே பணம் பெருக்கும் வழியையும் ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். வி குடியிருக்கும் வீட்டுக்கு வாடகையே கிடையாது. 2022 பிப்ரவரியில் வந்த 1.5 மேம்பாட்டில் புது வீடுகளை வாங்கும் வசதி சேர்ந்தது. கார்ப்போ ப்ளாசாவில் உள்ள வீட்டின் விலை 55,000. அது நகரத்தின் மேல்தட்டு வீடு! ஆட்டத்தின் நடுப்பகுதிக்கு வந்த எவருக்கும் அது கைச்செலவு. கண்ணுக்கு அந்த நகரம் தரும் விருந்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் வறுமையைத் தெருவெங்கும் வரைந்துவிட்டு, நாயகரின் பையிலிருந்து மட்டும் அதை எடுத்துவிட்டார்கள்.

அந்தக் குறையைத் தீர்த்தது 2022 செப்டம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘எட்ஜ்ரன்னர்ஸ்’ என்ற அனிமே தொடர். ஜப்பானின் ட்ரிகர் ஸ்டுடியோ எடுத்தது. முதல் பகுதியிலேயே வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம் பணம் கேட்டுப் பாதியில் நின்றுவிடுகிறது. டேவிட் என்ற சிறுவனும் அவன் அம்மாவும் விபத்தில் சிக்கிக் கிடக்கும்போது, ட்ராமா டீம் இறங்கி வந்து, இவர்கள் சந்தாதாரர்கள் அல்ல என்று கண்டு விட்டுவிட்டுப் போகிறது. வாடகை பாக்கி என்று வீட்டுக் கதவு அவனுக்குத் திறக்க மறுக்கிறது. மேசை விளையாட்டின் விலைப்பட்டியலை மனப்பாடம் செய்தவர்கள் எழுதிய காட்சிகள் போல இருக்கும் அவை. டேவிட் ஏன் தன் உடலை ஒவ்வொரு துண்டாக இயந்திரத்துக்குக் கொடுத்தான் என்று அதன்பின் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மேசையில் இதை நடத்துகிற ஜி.எம். (கேம் மாஸ்டர்) நண்பர்கள் பலர் வாடகை விதியை மெதுவாகக் கைவிட்டுவிடுகிறார்கள். கணக்கு எழுதுவது சலிப்பு, நண்பர்களை வாட்டுவது போல இருக்கிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். அவர்கள் நல்ல மனத்தோடு செய்வது எனக்குத் தெரியும். ஆனால் வாடகையைத் தள்ளுபடி செய்யும்போது நண்பர்களுக்குக் கிடைக்கக்கூடிய சிறந்த தருணங்களும் தள்ளுபடியாகிவிடுகின்றன. குண்டடி பட்டுப் படுத்திருந்த ஒருத்திக்காக, எங்கள் குழுவில் மற்றவர்கள் தங்கள் மிச்சத்தைச் சேர்த்துப் பெட்டிக்கு வாடகை கட்டினார்கள். அவர்களில் ஒருவர் நெடுநாளாகச் சேர்த்துவைத்த 500-ஐ உடைத்தார். விதிப் புத்தகத்தில் நட்புக்குப் புள்ளி கிடையாது. அன்று அதற்கு விலை தெரிந்தது.

ஆகவே ஜி.எம்.களுக்கு ஒரு வேண்டுகோள். நல்ல வேலைகளைக் கொடுங்கள், பேரம் பேச இடம் கொடுங்கள், கடன் கொடுக்கும் தரகரையும் தேவைப்பட்டால் அனுப்புங்கள். ஆனால் விளையாட்டின் நாள்காட்டியில் முதல் தேதி வந்ததும், 1,100-ஐக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

(தொடரும்)