வயலில் தூவிய நஞ்சு எங்கே போனது?

மாணவர்களே, துணி அலமாரியில் வைத்த பாச்சை உருண்டை நாளடைவில் சிறுத்து, கடைசியில் காணாமல் போவதைக் கவனித்திருப்பீர்கள். அது உருகி வழிவதில்லை. திடநிலையிலிருந்து நேரே ஆவியாகிறது. இதைப் பதங்கமாதல் என்கிறோம். மண்ணில் விழும் சில பூச்சிக்கொல்லிகளும் இப்படி மெல்ல ஆவியாகிக் காற்றில் கலக்கின்றன.

எவ்வளவு கலக்கிறது? தமிழ்நாட்டின் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழக ஆய்வாளர்களும் 1980களின் இறுதியில் இதை ஆராய்ந்தார்கள். அப்போது அங்கே நெல் வயல்களில் பி.எச்.சி. என்னும் பூச்சிக்கொல்லி ஏராளமாகப் பயன்பட்டது. வெள்ளாற்றுப் பகுதியில் காற்று, நீர், மண் ஆகியவற்றைச் சோதித்தார்கள். 1991இல் வெளியான கணக்கு வியக்க வைத்தது. வயலில் இட்ட நஞ்சில் 99.6 விழுக்காடு காற்றில் கலந்துவிட்டது. ஆற்றோடு போனது 0.4 விழுக்காடுதான்! வெப்பநாட்டு வெயில் செய்த வேலை இது.

எப்படி அளக்கிறார்கள்?

காற்றில் இந்த நஞ்சு மிகமிகக் குறைந்த அளவிலேயே இருக்கும். அதனால் பம்பு மூலம் ஏராளமான காற்றை ஒரு நுரைப்பஞ்சின் வழியே இழுக்கிறார்கள். மின்சாரம் இல்லாத இடத்தில், இரண்டு எஃகுக் கிண்ணங்களுக்கு நடுவே பஞ்சு வட்டு ஒன்றை வைத்துச் சில மாதங்கள் தொங்கவிடுவார்கள். பஞ்சில் சேர்ந்த வேதிப்பொருளைக் கரைத்தெடுத்து, வாயு நிறப்பிரிகை கருவியில் அளப்பார்கள்.

அது மண்ணிலிருந்து வந்ததா, வேறெங்கிருந்தோ வந்ததா? தரைக்கு அருகிலும் சற்று உயரத்திலும் காற்றைச் சோதித்தால் தெரியும். தரையருகே அதிகம் என்றால் மண் நஞ்சை வெளியிடுகிறது. மேலே அதிகம் என்றால் மண் அதை வாங்கிக்கொள்கிறது. ஒரே நிலம் வெயிலில் வெளியிடவும் குளிரில் வாங்கவும் கூடும்.

இதில் நமக்கென்ன?

காற்றுக்கு எல்லை இல்லை. வெப்பநாடுகளில் ஆவியாகும் நஞ்சு, காற்றோடு பயணித்துக் குளிர்ந்த இடங்களில் மீண்டும் படிகிறது. பயிர்த்தொழிலே இல்லாத வடதுருவப் பகுதியிலும் பி.எச்.சி. கண்டறியப்பட்டுள்ளது. இந்தியா அதை 1997இல் தடை செய்தது. ஆனால், தடை போட்டவுடன் மண் சுத்தமாகிவிடாது. தங்கிய மிச்சம் பல ஆண்டுகள் கசிந்துகொண்டே இருக்கும்.

கிள்ளானிலும் பிற்பகல் வெப்பம் 33 பாகை செல்சியசை எட்டும். நம் காய்கறித் தோட்டங்களில் தெளிக்கும் மருந்து அந்தத் தோட்டத்து வேலியோடு நிற்குமா? எந்த மருந்து, எவ்வளவு, எப்போது என்று பார்த்துத் தெளிப்பது பக்கத்து வீட்டார் மூச்சையும் காக்கும்.

சிந்திக்க: ஒரே பூச்சிக்கொல்லி கேமரன் மலை மண்ணிலும் கிள்ளான் மண்ணிலும் விழுந்தால், எங்கே அதிக நாள் தங்கும்? ஏன்?