வீட்டுக்குள் மின்சாரம் – 7: மாடிப்படிக்கு அடியில் லித்தியம்

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் அந்தப் பக்கம் தெருவெல்லாம் தண்ணீர், வீடெல்லாம் இருட்டு. தாம்பரம் வட்டாரத்தில் இன்வெர்ட்டரை ஆடம்பரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பழைய டியூபுலர் பேட்டரி ஓய்ந்ததும், "லித்தியம் போட்டுடலாம் சார், தண்ணி ஊத்துற வேலையே இல்லை" என்கிறார் மெக்கானிக். உண்மைதான். அதை 'எதையுமே பார்க்க வேண்டாம்' என்று நாம் எடுத்துக்கொள்வதில்தான் வில்லங்கம்.

லித்தியம் என்றால் பலருக்கு வேலூர் ஞாபகம் வரும். 2022 மார்ச்சில் அங்கே ஒரு வீட்டில் இரவு சார்ஜில் இருந்த மின்சார ஸ்கூட்டர் எரிந்து, தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். வீட்டு இன்வெர்ட்டருக்கு வாங்க வேண்டியது லித்தியம் இரும்பு பாஸ்பேட், கடையில் எல்.எஃப்.பி. என்பார்கள். நிக்கல் கலந்த செல்களைவிட இது சூட்டைத் தாங்கும், சுலபத்தில் பற்றாது. 'பற்றவே பற்றாது' என்று சத்தியம் செய்கிற கடையில் மட்டும் வாங்காதீர்கள். பழைய ஸ்கூட்டர் பேட்டரியைப் பிரித்து எடுத்த செல்லில் கட்டிய பேக்கும் வேண்டாம், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

முதலில் இன்வெர்ட்டரைப் பாருங்கள். எல்.எஃப்.பி. செல் ஒன்று 3.2 வோல்ட், நான்கு சேர்ந்தால் 12.8. சார்ஜ் ஏறும்போது செல்லுக்கு 3.65-ஐ, அதாவது மொத்தம் 14.6-ஐத் தாண்டக் கூடாது. டியூபுலருக்கென்று செய்த சில இன்வெர்ட்டர்கள் அவ்வப்போது 15-க்கு மேலும் ஏற்றும். பேட்டரிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்ற பாதுகாப்புப் பலகை அப்போது சார்ஜை வெட்டிவிடும். ஆனால் அது கடைசிக் காவல். தினமும் அதை வேலை வாங்கக் கூடாது. லித்தியம் மோடு இல்லாத இன்வெர்ட்டர் என்றால் அதையும் மாற்றத்தான் வேண்டும்.

தீ பெரும்பாலும் செல்லில்தான் தொடங்கும் என்று நினைக்கிறோம். வயர் முனையில் மாட்டும் லக்கையும் கொஞ்சம் கவனியுங்கள். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 800 வாட்ஸ் இழுத்தால் வயரில் ஏறக்குறைய 70 ஆம்பியர் ஓடும். லக்கைச் சுத்தியலால் தட்டியோ கட்டிங் பிளேயரால் நசுக்கியோ மாட்டியிருந்தால், அந்த இணைப்பில் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே போதும், 50 வாட்ஸ் சூடு அங்கேயே பிறக்கும். எரிகிற 40 வாட்ஸ் குண்டு பல்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு என்று தெரியும். முதலில் ஸ்லீவ் பழுப்பாகும், பிறகு உருகும். பேட்டரியின் மேல் விளம்பரம் எவ்வளவு பளபளத்தாலும் மெக்கானிக்கிடம் சரியான கிரிம்பிங் டூல் இருக்கிறதா என்று கேளுங்கள். நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது கையேட்டில் அச்சிட்டிருக்கும்.

பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே ஃபியூஸ் வேண்டும், டி.சி.க்கு உரியதாக. வீட்டுப் போர்டில் இருக்கும் ஏ.சி. எம்.சி.பி.யை இங்கே மாட்டுவது ஆபத்து. ஏ.சி. மின்சாரம் நொடிக்கு நூறு தடவை பூஜ்ஜியத்தைத் தொடுவதால், துண்டிக்கும்போது எழும் பொறி தானே அணையும், டி.சி.யில் அது விடாமல் எரியும்.

இடம்? மாடிப்படிக்கு அடியில் வேண்டாம். தீ என்றால் வெளியே ஓடும் வழியே அதுதான். படுக்கையறையும் ஆகாது, ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டின் கத்திரி வெயிலும் ஆகாது, 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றுவது பெரும்பாலான பேட்டரிகளுக்குக் கேடு. காற்றோட்டமுள்ள சுவரில், உங்கள் தெருவில் இதுவரை ஏறிய வெள்ளத்தின் கறைக்கு மேலே மாட்டுங்கள்.

மாதம் ஒரு நாள் போதும்: தூசு தட்டி, லக்குகளில் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்த்து, செயலி இருந்தால் செல்களுக்குள் வோல்டேஜ் வித்தியாசத்தைக் குறித்துவையுங்கள். வித்தியாசம் மாதாமாதம் கூடிக்கொண்டே போனால் மெக்கானிக்கை அழையுங்கள். பேட்டரி உப்பியிருந்தாலோ, வெள்ளத்தில் நனைந்திருந்தாலோ, காய்ந்துவிட்டதே என்று சார்ஜ் போடாதீர்கள். புகை வந்தால் எல்லோரும் வெளியேறி 101-ஐ அழையுங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன் அந்த லக்குகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

(தொடரும்)