வைக்கோலும் மண்வாழ் உயிர்களும்

படுவான்கரை வயல்களில் பெரும்போக அறுவடை முடிந்ததும், இயந்திரம் விட்டுச்சென்ற வைக்கோலுக்குச் சிலர் தீ வைக்கின்றனர். வயல் விரைவில் துப்புரவாவது உண்மையே. ஆயினும் அத்தீ மண்வாழ் உயிர்களின் உணவையே எரித்துவிடுகின்றது.

வளமான மண்ணில் ஒரு கிராமினுள்ளேயே கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் வாழ்கின்றன. அவையும் பங்கசுகளும் வைக்கோலைச் சிதைத்துப் பயிருக்கேற்ற உணவாக மாற்றுவன. எரித்தாலோ அதிலுள்ள நைதரசனிற் பெரும்பகுதி புகையோடு போய்விடும். பயிர் உறிஞ்சிய பொற்றாசியத்தின் பெரும்பங்கும் வைக்கோலிலேயே உள்ளது. சாம்பலானபின் அதனை மழைநீர் அடித்துச் செல்லும்.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கிற்று. எனினும் அப்பெரும்போகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் வெகுவாகக் குறைந்தது. நெடுங்காலம் உணவின்றிக் கிடந்த மண்ணுயிர்கள் ஒரே போகத்தில் பசளைக்கு ஈடாகுமோ? பட்டினி கிடந்த எருது ஏரிழுக்குமோ?

ஆதலின் வைக்கோலைப் பரப்பி, விதைப்புக்கு மூன்று வாரம் முன்னரே ஈரமண்ணில் உழுது புதையுங்கள். புதைத்தவுடன் விதைப்பது தவறு. வைக்கோலைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனைத் தாமே எடுத்துக்கொள்ள, இளம்பயிர் மஞ்சளிக்கும்.

வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரை மணற்றோட்டங்களில் எரு வெப்பத்தால் விரைவில் சிதைந்து கரைந்துவிடும். அங்கே ஒரே தடவையிற் குவிப்பதிலும், ஒவ்வொரு பயிருக்கும் சிறிது சிறிதாக இடுவதே நன்று. மிஞ்சிய வைக்கோலைப் பாத்திகளில் மூடாக்காக இடலாம். ஈரமும் நிற்கும், மண்புழுவும் சேரும். பயற்றங்கொடி காய்த்து ஓய்ந்தபின் வேரோடு பிடுங்காது அடியில் அறுத்தெடுங்கள். காற்றின் நைதரசனைப் பிடித்துத் தரும் பற்றீரியாக்கள் அதன் வேர்முடிச்சுகளிலேயே வாழ்கின்றன.