இன்று வயல், நாளை தெரு: நெல்லையில் முதல் வீடு வாங்குவோர் கவனத்துக்கு!

திருநெல்வேலி சந்திப்பில் இருந்து எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் சரி. ஊர் முடிகிற இடத்தில் ஒரு காட்சி கண்ணில் படும்.

வாழைத் தோட்டத்தை ஒட்டி ஒரு புது வீடு. அதன் பக்கத்தில் வெறும் மனைகள். மனைக்கு மனை எல்லைக் கல். ஜல்லி மட்டும் கொட்டிய ரஸ்தா. ரஸ்தா முடிகிற இடத்தில் நெல் வயல். நடுவில் ஒரு பெரிய பலகை: "மனைகள் விற்பனைக்கு!"

இன்று வயல், நாளை தெரு. இரண்டுக்கும் இடையே நிற்கிற இந்த இடத்தில் வீடு வாங்கலாமா? கூடாதா?

முதன் முதலாக வீடு வாங்கப் புறப்படும் குடும்பங்களை எல்லாம் தூங்கவிடாமல் செய்கிற கேள்வி இது. பணக்காரர் தவறாக வாங்கினால் விற்றுவிட்டு வேறு வாங்குவார். மாதச் சம்பளக்காரருக்கு அந்த வசதி கிடையாது. வாழ்நாளில் ஒரே ஒரு வீடு!

டவுனில் ஒரு வளவில் வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். கணவன் பள்ளிக்கூட வாத்தியார். மனைவி தையல் மிஷின் வைத்திருக்கிறாள். குழந்தைகள் இரண்டு. கையில் இருக்கும் சேமிப்பு ரூ.8 லட்சம்.

ரத வீதிப் பக்கம் வீடு விலைக்கு வருவது அபூர்வம். வந்தாலும் ஒரு சுவருக்கு இரண்டு சொந்தக்காரர், ஒரு கிணற்றுக்கு நாலு பங்காளி! பெருமாள்புரம், மகாராஜநகர் பக்கம் போனால் விலை எட்டாது. ஆகவே, தரகர் கை காட்டுகிற இடம் ஊருக்கு வெளியே இருக்கிறது.

"அண்ணாச்சி! இப்ப விட்டா கிடைக்காது. இன்னும் ரெண்டு வருஷத்துல இந்த இடம் எங்கேயோ போயிரும்!" என்கிறார் தரகர்.

இடம் எங்கும் போகாது. போகக்கூடியது வாத்தியாரின் பணம்தான்.

ஊர் நகர்ந்த கதை

தரகர் பேச்சு முழுவதும் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. நெல்லை வளர்ந்ததே அப்படித்தான்.

ஒரு காலத்தில் டவுன் பக்கம் இருப்பவர்கள் பாளையங்கோட்டைக்குப் போக வேண்டும் என்றால், தாமிரபரணியைப் படகில் கடக்க வேண்டும். கலெக்டர் ஆபீசில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தமது சொந்தப் பணத்தைக் கொடுத்தார். 1843-ல் பாலம் வந்தது. ஆற்றின் இரு கரைகளும் ஒன்றாயின. இன்றும் அந்தப் பாலத்துக்கு அவர் பெயர்தான்.

1876-ல் ரெயில் வந்தது. ரெயில் நிலையத்தைச் சுற்றிக் கடைகளும் ஓட்டல்களும் முளைத்தன. 1994-ல் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் ஆகியவை சேர்ந்து மாநகராட்சி ஆயின. 2003-ல் வேய்ந்தான்குளத்தில் புதிய பஸ் நிலையம் திறந்தார்கள். அந்தப் பக்கத்து நிலங்களின் மதிப்பு ஏறியது.

சில பேட்டைகளின் பெயரைக் கேட்டாலே, முதலில் குடி போனவர்கள் யார் என்பது தெரிந்துவிடும். என்.ஜி.ஓ. காலனி என்றால், கெஜட்டில் பெயர் வராத சர்க்கார் ஊழியர்களின் காலனி. கே.டி.சி. நகர் என்றால், கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகத்தின் பெயரால் ஏற்பட்ட நகர். 1997-ல் போக்குவரத்துக் கழகங்களுக்கு இருந்த தலைவர்கள் பெயரைச் சர்க்கார் எடுத்துவிட்டது. பஸ்ஸில் இருந்து பெயர் போயிற்று. நகரில் இருந்து போகவில்லை!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஓர் இடத்தை வளர்ப்பது விளம்பரப் பலகை அல்ல. பாலம், ரெயில், பஸ் நிலையம், ஆபீஸ் போன்ற பொதுக் காரியங்கள்தான் வளர்க்கின்றன. "இங்கே காலேஜ் வரப்போகிறது, ஆஸ்பத்திரி வரப்போகிறது" என்று தரகர் சொன்னால், வரட்டும். வந்துவிட்டதற்கு ஒரு விலை. வரப்போவதற்கு வேறு விலை. வரப்போவதற்கு வந்துவிட்ட விலையைக் கொடுக்கிறவர் ஏமாளி.

தண்ணீரின் ஞாபகம்

விலையை விடப் பெரிய விஷயம் தண்ணீர்.

தாமிரபரணி கரையில் ஓடுகிற ஆறு மட்டும் அல்ல. அணைக்கட்டுகளில் இருந்து கால்வாய்களாகப் பிரிந்து, ஊருக்குள்ளேயே வருகிறது. நெல்லைக் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய் என்று வரிசையாக உண்டு. கால்வாய்த் தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது, குளத்தை நிரப்புகிறது. ஒரு குளம் நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகிறது. அதுவும் நிரம்பினால் அதற்கு அடுத்தது. பெரியவர்கள் ஏற்படுத்தி வைத்த சங்கிலி இது.

இந்தச் சங்கிலியின் நடுவே யாராவது மண்ணைக் கொட்டி மனை போட்டால் என்ன ஆகும்? சாதாரண வருஷத்தில் ஒன்றும் ஆகாது. ஐந்து வருஷம், பத்து வருஷம்கூடச் சும்மா இருக்கும். பெருமழை வருகிற அன்று, தண்ணீர் தன் பழைய பாதையைத் தேடிக்கொண்டு வரும். அந்தப் பாதையில் அப்போது வாத்தியார் வீட்டு அடுப்படி இருக்கும்!

1992 நவம்பரில் தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்தது. பிறகு 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நெல்லையில் சந்திப்பு, வண்ணார்பேட்டை, கைலாசபுரம், சிந்துபூந்துறை, கொக்கிரகுளம் ஆகிய இடங்களில் வெள்ளம் புகுந்தது. கலெக்டர் ஆபீஸ் வளாகமே தண்ணீரில் நின்றது.

இவை எல்லாம் பழைய இடங்கள். அங்கே இருப்பவர்களுக்கு ஞாபகம் உண்டு. "92-ல் இந்தப் படி வரை வந்தது" என்று விரலால் தொட்டுக் காட்டுவார்கள். புது மனைக்கு அந்த ஞாபகம் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரரும் போன வருஷம் வந்தவர்தான்! அவருக்கு என்ன தெரியும்?

ஆகவே, வாங்குகிறவர்தான் அந்த ஞாபகத்தைத் தேடிச் சேர்க்க வேண்டும். கஷ்டமான காரியம் அல்ல. மனைக்குப் பக்கத்தில் பழைய கிராமம் ஒன்று இருக்கும். அங்கே ஒரு டீக்கடையும் இருக்கும். அந்த வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிய பெரியவர் ஒருவர் அங்கே உட்கார்ந்திருப்பார். "தாத்தா! 2023-ல் இங்கே தண்ணீர் எவ்வளவு நின்றது? மடை எங்கே இருந்தது? மறுகால் எந்தப் பக்கம் போகும்?" என்று கேட்டால் போதும். தரகர் ஒரு மாதத்தில் சொல்லாததை அவர் ஒரு டீ குடிப்பதற்குள் சொல்லிவிடுவார்.

ஊர்ப் பெயரும் பேசும். குளம், ஏந்தல், தாங்கல், ஓடை, மடை என்று பெயர் வந்தால் காதைத் தீட்டிக்கொள்ளலாம். பெயரை மட்டும் பார்த்து ஓடிவிடவும் வேண்டாம். குளத்தின் பெயரைக் கொண்ட ஊர், குளத்துக்குப் பக்கத்து மேட்டிலும் இருக்கலாம்.

தரகர்கள் மனையைக் காட்டுவது பெரும்பாலும் சித்திரை, வைகாசியில். பூமி காய்ந்து, கால் வைத்தால் தூசி பறக்கும். அதே மனையை ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் போய்ப் பார்க்க வேண்டும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டி இருந்தால், விஷயம் விளங்கிவிடும்.

குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வரும்போது உற்சவரைக் கரையில் உள்ள மேலக்கோயிலுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். முருகனுக்கே மேட்டில் இன்னொரு வீடு உண்டு. வாத்தியாருக்கு உண்டா?

மண்ணையும் பார்க்க வேண்டும். நெல் விளைந்த நஞ்சை நிலத்தில் களிமண் அதிகம். ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். மற்ற இடத்தை விட ஆழமாக வானம் தோண்ட வேண்டி வரும். மனை விலையில் மிச்சம் பிடித்த பணம் அஸ்திவாரத்துக்குள் போய்விடுவது உண்டு.

காகிதம் என்ன சொல்கிறது?

நிலம் சொல்வதைக் கேட்ட பிறகு, காகிதம் சொல்வதையும் கேட்க வேண்டும்.

"வில்லங்கச் சான்று எடுத்தாச்சு, ஒரு வில்லங்கமும் இல்லை" என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் பதிவானது மட்டுமே அதில் வரும். பதிவாகாத உயில், பேர் எழுதாத வாரிசு, வீட்டுக்குள் நடந்த பங்குத் தகராறு ஆகியவை வராது. ஆகவே மூலப் பத்திரத்தில் இருந்து வரிசையாக எல்லாப் பத்திரங்களின் அசலையும் கண்ணால் பார்க்க வேண்டும். நகலைக் காட்டி, "அசல் ஊரில் இருக்கிறது" என்றால், அசல் பாங்கியில் அடமானமாக இருக்கலாம்!

பட்டா யார் பெயரில்? நிலம் நஞ்சையா, புஞ்சையா, நத்தமா? சர்வே வரைபடத்தில் மனைக்குள் வாய்க்கால் ஓடுகிறதா? தரையில் தூர்ந்துபோன வாய்க்கால் வரைபடத்தில் அப்படியே இருக்கும். வாய்க்கால், குளம் புறம்போக்கு என்றால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடவே கூடாது.

மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா என்பது அடுத்த கேள்வி. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை ஐகோர்ட்டு தடை போட்டது. பிறகு, 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் சர்க்கார் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பழைய மனை என்றால், அந்த உத்தரவு எங்கே என்று கேட்க வேண்டும். மனைப்பிரிவு ரஸ்தாக்களைப் பஞ்சாயத்துக்கோ மாநகராட்சிக்கோ தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்றும் கேட்க வேண்டும். இல்லாவிட்டால், "ரஸ்தா எங்களுடையது அல்ல" என்று அவர்கள் கையை விரிப்பார்கள்.

சென்ட் கணக்கிலும் கவனம் தேவை. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. மூன்று சென்ட் என்றால் ஏறக்குறைய 1,307 சதுர அடி. பத்திரத்தில் உள்ள அடிக் கணக்கும் தரையில் நாடா பிடித்து அளந்த கணக்கும் ஒத்துப் போகிறதா என்று சர்வேயரை வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

எட்டு லட்சம் போதுமா?

வாத்தியார் தம்பதிக்கு ஒரு சின்ன வீடு பிடித்துப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை ரூ.28 லட்சம். "நம் பணம் 8, பாங்கிக் கடன் 20. முடிந்தது கணக்கு!" என்கிறார் கணவன்.

"முத்திரைச் செலவு?" என்று கேட்கிறாள் மனைவி.

நல்ல கேள்வி! முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 28 லட்சத்துக்கு ரூ.2 லட்சத்து 52 ஆயிரம்! இந்தத் தொகையைப் பாங்கியின் கடன் தாங்காது. கையில் இருந்துதான் கொடுக்க வேண்டும்.

கடன் கணக்கையும் பார்க்கலாம். 20 லட்சத்துக்கு 8½ சதவீத வட்டி, 20 வருஷத் தவணை என்றால், மாதம் சுமார் ரூ.17,356 கட்ட வேண்டும். முழுவதும் கட்டி முடிக்கும்போது ரூ.41½ லட்சத்துக்கு மேல் ஆகிவிடும். வாடகை கொடுத்தாலும் பணம் போகத்தான் செய்கிறது என்பது உண்மை. ஆனால் வாடகை வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டுக்காரரிடம் ஒரு மாதம் தவணை கேட்கலாம். பாங்கியிடம் கேட்பது சிரமம்.

ஊருக்கு வெளியே போனால் வேறு செலவும் உண்டு. ஆழ்துளைக் கிணறு, தண்ணீர் லாரி, இரண்டு சைக்கிள் அல்லது ஒரு ஸ்கூட்டர். பாதாளச் சாக்கடை வராத தெரு என்றால் கழிவுநீர்த் தொட்டி. இதை எல்லாம் வீட்டு விலையோடு கூட்டிப் பார்த்தால், "மலிவு" என்று சொன்ன இடம் அவ்வளவு மலிவாகத் தெரியாது.

அதற்காக வளவிலேயே இருந்துவிடுவதா? வேண்டியதில்லை. மேடான நிலம், சுத்தமான பத்திரம், நடந்து போகும் தூரத்தில் பஸ் ஆகிய மூன்றும் அமைந்தால், பாதி வளர்ந்த இடத்தில் தாராளமாக வாங்கலாம். கடைத்தெரு நாலு வருஷம் கழித்து வரட்டும். விலை ஏறும் என்ற ஆசையில் மட்டும் வாங்குவதுதான் ஆபத்து. குடியிருக்கிற வீட்டின் விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன? அதை விற்றுவிட்டு எங்கே போவது?

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் கணவனும் மனைவியும் ஒரு நாள் இரவு 8 மணிக்கு அந்த இடத்துக்குப் பஸ்ஸில் போய்ப் பார்ப்பது நல்லது. காரில் கூட்டிப் போகிறேன் என்று தரகர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பஸ் நிற்கும் இடத்தில் இருந்து வீடு வரை விளக்கு எரிகிறதா? டியூஷன் முடிந்து மகள் தனியாக நடந்து வர முடியுமா? கடைசி பஸ் எத்தனை மணிக்கு? இதில் மனைவியின் சொல்லுக்கே மதிப்பு அதிகம். பகல் முழுவதும் அந்த வீட்டில் இருக்கப்போகிறவள் அவள்தானே!

பத்திரத்தை யார் பெயரில் எழுதுவது என்ற பேச்சும் அப்போதே வந்துவிடும். ரூ.10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்று 2025 ஏப்ரல் முதல் சர்க்கார் சலுகை கொடுத்திருக்கிறது. இந்த 28 லட்ச ரூபாய் வீட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. முதலில் ஒரு சின்ன மனையை மட்டும் வாங்கிப் போட்டுவிட்டு, பிறகு மெதுவாகக் கட்ட நினைக்கிற குடும்பங்களுக்கு அது உதவும்.