சி. வை. தாமோதரம்பிள்ளையும் அவர்தங் காலமும்

ஒருவருடைய பெருமையை அறிதற்கு அவர் செய்தனவற்றை மாத்திரம் நோக்குதல் போதாது. அவர் வாழ்ந்த காலம் அவருக்கு எவற்றைக் கொடுத்தது என்பதும் ஆராயத்தக்கது. சிறுப்பிட்டியில் 1832ஆம் ஆண்டு பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள், இருபதாம் நூற்றாண்டின் முதல் நாளாகிய 1901 சனவரி 1ஆந் தேதி மறைந்தார்கள். அவ்வறுபத்தெட்டாண்டுகளும் ஓலையிலிருந்து தமிழ் அச்சுக்கு மாறிய ஆண்டுகளாகும்.

அவர் பிறந்த மறுவருடம் கோல்புறூக் சீர்திருத்தம் இலங்கை முழுவதையும் ஒரே ஆட்சிமுறைக்குட்படுத்தியது. 1835இல் மெற்காப் என்பார் இயற்றிய சட்டம் இந்தியாவில் அச்சகங்களுக்கிருந்த அநுமதிக் கட்டுப்பாட்டை நீக்கிற்று. வட இந்தியாவிற் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த 1857ஆம் ஆண்டிலேயே சென்னைச் சர்வகலாசாலையும் நிறுவப்பெற்றது. அதன் முதற் பி. ஏ. பட்டதாரிகள் இருவர்: ஒருவர் கறோல் விசுவநாதபிள்ளை, மற்றவர் நம் பிள்ளையவர்கள். இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்ற யாழ்ப்பாணத்தவரே.

ஆங்கிலக் கல்வி உயர்பதவிக்கு வழிதிறந்த அதே வேளையில், ஏடு பெயர்த்தெழுதுவோர் தொகை அருகிற்று. ஓலைச்சுவடி நெடுங்காலம் நில்லாது. செல்லும் பூச்சியும் அதனை அரிக்கும். பழையது சிதையுமுன் புதியது எழுதப்படாவிடின் நூல் இறந்துபடும். புதிய கல்வியாற் பயன்பெற்றவரே அதனால் நேர்ந்த இழப்பைத் தடுக்க முன்வந்தமை ஈண்டுக் கருதற்பாலது.

ஆறுமுக நாவலரவர்களின் துணையோடு தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையருரை 1868இல் வெளிவந்தது. 1871இற் சட்டப் பட்டமும் பெற்றுக் கும்பகோணத்தில் வழக்கறிஞராய் விளங்கிய பிள்ளையவர்கள், தொழிலுக்கிடையே ஏடு தேடினார்கள். நாவலரவர்கள் மறைந்தது 1879இல். ஈராண்டின் பின் வீரசோழியம் அச்சேறியது. பம்பாயிற் காங்கிரஸ் மகாசபை முதன்முறை கூடிய 1885இற் பொருளதிகாரம் நச்சினார்க்கினியருரையோடு வெளிவந்தது. விக்ரோறியா மகாராணியாரின் ஐம்பதாமாண்டு ஆட்சிவிழா கொண்டாடப்பட்ட 1887இற் கலித்தொகை வெளிவந்தது. எட்டுத்தொகையுள் முதன்முதல் அச்சுக் கண்டது அதுவே.

முப்பதாண்டு முந்திப் பிறந்திருப்பின் அவருக்கு இவ்வசதிகள் வாய்த்திரா. முப்பதாண்டு பிந்திப் பிறந்திருப்பின் ஏடுகள் சில அவர் கைக்கு எட்டியிரா. எனினும் காலமே யாவுஞ் செய்தது எனல் பொருந்தாது. அதே பட்டமும் அதே அச்சும் வேறு பலருக்கும் வாய்த்தன. ஏடு தேடிப் பதிப்பித்தவரோ மிகச் சிலர். காலம் கருவியைக் கொடுக்கும், கருத்தைக் கொடாது.

சரித்திரங் கற்கும் மாணவர் 1857, 1885 என்னும் ஆண்டுகளை மனனஞ் செய்கின்றனர். அவற்றின் பக்கத்தே இப்பட்டத்தையும் இப்பதிப்புக்களையுங் குறித்துக்கொள்வாராயின், சரித்திரம் அரசர்க்கும் படைகட்கும் மாத்திரம் உரியதன்று என்பது நன்கு விளங்கும்.